சார்ட்டுக்கு அடியில் டேட்டா டேபிள்: எக்செலில் போடுவதும் ஒழுங்குபடுத்துவதும்

எக்செல் சார்ட்டின் அடியில், அதே எண்களை அட்டவணையாகக் காட்டும் வசதிதான் டேட்டா டேபிள். போடுவது இரண்டு கிளிக் வேலை. பார்வையாக ஆக்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும், ஏனென்றால் டேபிளுக்குள் எதையும் தனியாகத் திருத்த முடியாது. ஒரு எண்ணை மட்டும் தடித்த எழுத்தாக்க முடியாது. ஒரு நெடுவரிசையை மட்டும் அகலப்படுத்த முடியாது. டேபிளைப் பிடித்து வேறு இடத்துக்கு நகர்த்தவும் முடியாது. ஷீட்டில் உள்ள செல்களில் எண்ணும் அதன் நம்பர் ஃபார்மட்டும் எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான் அங்கே தெரியும். ஆகவே டேபிளில் எது பிடிக்கவில்லையோ அதைச் சரிசெய்யும் இடம் பெரும்பாலும் ஷீட்தான். இது மனதில் இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். மேலே மெனு வரிசையில் உள்ள 'டேட்டா' என்ற டேப்-இல், வாட்-இஃப் அனாலிசிஸ் பட்டனுக்குள் இன்னொரு 'டேட்டா டேபிள்' இருக்கிறது. அது வட்டி விகிதம் மாறினால் தவணை எவ்வளவு என்பது போன்ற கணக்குக்கானது. இங்கே அதற்கு வேலை இல்லை. கன்ட்ரோல்+T அழுத்தி ஷீட்டில் உருவாக்கும் 'டேபிள்' மூன்றாவது சங்கதி. ஆனால் அது நமக்கு உதவும்: மூல எண்களை அப்படி டேபிளாக்கி வைத்தால், கீழே புது வரிசை சேர்த்ததும் சார்ட்டும் தானாக நீளும்.

எந்த சார்ட்டுக்குப் போடலாம்?

தூண், கோடு, ஏரியா, படுக்கைப் பட்டை வகைகளுக்குப் போடலாம். பை, டோநட், ஸ்கேட்டர், பபிள், ரேடார் ஆகியவற்றுக்குக் கிடையாது. எக்செல் 2016-இல் வந்த வாட்டர்ஃபால், ட்ரீமேப், ஹிஸ்டோகிராம் போன்றவற்றுக்கும் இல்லை. மெனுவில் அந்த வரி மங்கலாக இருந்தாலோ காணவே இல்லை என்றாலோ, சார்ட் வகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படுக்கைப் பட்டை சார்ட்டுக்கு எக்செல் அனுமதித்தாலும் போடாமல் இருப்பது நல்லது. பட்டைகள் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும், டேபிளோ அடியில் இடமிருந்து வலமாக ஓடும். எந்த எண் எந்தப் பட்டைக்கு என்று கண் தேட வேண்டிவரும். அங்கே பட்டையின் நுனியில் டேட்டா லேபிள் போட்டால் போதும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. பன்னிரண்டு மாதம், மூன்று நான்கு சீரிஸ் (சார்ட்டில் ஒரே நிறத்தில் வரும் ஒரு தொகுதி எண்கள்) வரை டேபிள் தாங்கும். முப்பது நாள் எண்களை ஒரு சார்ட்டின் அடியில் திணித்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒரு எடுத்துக்காட்டோடு செய்து பார்ப்போம்

தமிழ்நாட்டின் மக்கள்தொகை, சென்சஸ் எண்கள்:

1981: ஆண்கள் 2,44,87,624, பெண்கள் 2,39,20,453
1991: ஆண்கள் 2,82,98,975, பெண்கள் 2,75,59,971
2001: ஆண்கள் 3,14,00,909, பெண்கள் 3,10,04,770
2011: ஆண்கள் 3,61,37,975, பெண்கள் 3,60,09,055

ஆண்களையும் பெண்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண்கள் வேண்டும். அடியில் டேபிளில் ஆண்கள், பெண்கள், மொத்தம், பத்தாண்டு வளர்ச்சி என நான்கு வரிசை வேண்டும். மொத்தமும் வளர்ச்சியும் டேபிளில் மட்டும் இருந்தால் போதும், படத்தில் தெரியக் கூடாது.

எண்களை நேரடியாக சார்ட்டாக்காதீர்கள். எட்டு இலக்க எண்களை நாலு தூணுக்கு அடியில் போட்டால் படிப்பவருக்கு முதல் மூன்று இலக்கம்தான் பதியும். அதே ஷீட்டில் பக்கத்திலேயே இன்னொரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு செல்லையும் 100000-ஆல் வகுத்து லட்சத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வகுக்காமல் நம்பர் ஃபார்மட்டிலேயே லட்சமாகச் சுருக்க நேரடி வழியில்லை. ஃபார்மட்டின் கடைசியில் போடும் காற்புள்ளி ஒவ்வொன்றும் ஆயிரத்தால் மட்டுமே சுருக்கும்: ஒன்று போட்டால் ஆயிரம், இரண்டு போட்டால் பத்து லட்சம். நடுவில் லட்சத்துக்கு இடமில்லை.

மொத்தம் நெடுவரிசையில் இரண்டையும் கூட்டுங்கள். வளர்ச்சியில் 1991-க்கு 15.4%, 2001-க்கு 11.7%, 2011-க்கு 15.6% வரும். 1981-க்கு முந்தைய எண் தேவை. 1971-இல் மக்கள்தொகை 4,11,99,168, எனவே 17.5%. செல்லில் சதவீத ஃபார்மட்டே இருக்கட்டும்.

தலைப்பு வரிசையில் ஒரு நுணுக்கம்: ஆண்டுகள் இருக்கும் நெடுவரிசையின் தலையில் எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். 'ஆண்டு' என்று எழுதினால் எக்செல் அதையும் ஒரு சீரிஸாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஏனென்றால் 1981 அதற்கு வெறும் எண்தான். ஆண்கள் 244.88 லட்சம் என்ற தூணுக்குப் பக்கத்தில் 1981 என்ற மலை ஒன்று எழும்பும், டேபிளிலும் ஒரு வரிசை கூடும். மூலை செல் காலியாக இருந்தால் எக்செல் அந்த நெடுவரிசையை லேபிளாகப் புரிந்துகொள்ளும். தலைப்பு கட்டாயம் வேண்டும் என்றால், ஆண்டுகளுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு உரையாக மாற்றிவிடுங்கள்.

இப்போது அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேபில் 'ரெகமண்டட் சார்ட்ஸ்', அதில் 'ஆல் சார்ட்ஸ்', அடியில் 'காம்போ'. ஆண்கள், பெண்கள் இரண்டுக்கும் 'ஸ்டாக்டு காலம்'. மொத்தம், வளர்ச்சி இரண்டுக்கும் 'லைன்'. 'ஸ்டாக்டு லைன்' அல்ல. அதைத் தேர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று கூட்டி வரையப்படும். ஆண்டுகள் சீரிஸாகவும் ஆண்கள், பெண்கள் கீழ் அச்சிலும் தலைகீழாக வந்தால், சார்ட் டிசைன் டேபில் 'ஸ்விட்ச் ரோ/காலம்' அழுத்தினால் திரும்பிவிடும்.

மொத்தம் கோட்டைக் கிளிக் செய்து கன்ட்ரோல்+1 அழுத்துங்கள். பெயின்ட் வாளி ஐகானுக்குள் லைன் பகுதியில் 'நோ லைன்', மார்க்கர் பகுதியில் மார்க்கர் ஆப்ஷன்ஸ் 'நன்'. கோடு மறைந்துவிடும், சீரிஸ் இருக்கும். டேபிளுக்கு அது போதும். வளர்ச்சிக்கும் இதேதான், ஆனால் அந்தக் கோட்டை மவுஸால் பிடிப்பது கடினம்: 15.6% என்றால் உண்மையில் 0.156, 800 வரை போகும் அச்சில் அது தரையோடு தரையாகக் கிடக்கும். ஃபார்மட் டேபின் இடது ஓரத்தில் உள்ள கீழ்விரி பெட்டியில் சார்ட்டின் எல்லா உறுப்புகளும் பெயரோடு இருக்கும். அங்கே வளர்ச்சி சீரிஸைத் தேர்ந்து, அதன் அடியில் உள்ள 'ஃபார்மட் செலக்ஷன்' அழுத்துங்கள். மறைந்துபோன சீரிஸைப் பிறகு திரும்பப் பிடிப்பதற்கும் இதே பெட்டிதான் வழி.

கடைசியாக டேபிள். சார்ட்டைக் கிளிக் செய்தால் வலது மேல் மூலையில் வரும் கூட்டல் குறியை அழுத்தி 'டேட்டா டேபிள்' டிக் செய்யுங்கள் (எக்செல் 2013 முதல்). மேக்கில், சார்ட் டிசைன் டேபில் 'ஆட் சார்ட் எலிமென்ட்', அதற்குள் 'டேட்டா டேபிள்'. 'வித் லெஜண்ட் கீஸ்' தேர்ந்தால் ஒவ்வொரு வரிசைப் பெயருக்கு முன்னாலும் அந்தந்த நிறக் கட்டம் வரும், அதன்பின் தனி லெஜண்டை (எந்த நிறம் எது என்று சொல்லும் குறிப்பை) அழித்துவிடலாம். மறைத்த இரண்டு சீரிஸுக்கும் நிறக் கட்டம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அது நல்லதுதான், அந்த வரிசைகள் படத்தில் இல்லை என்பது பார்த்ததும் புரியும்.

கூட்டினால் ஒத்து வராத எண்

டேபிளில் எண்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மூல செல்லின் நம்பர் ஃபார்மட்டே தீர்மானிக்கிறது. டேபிளின் ஃபார்மட் பேனில் தசம இடத்தைத் தேடி அலைய வேண்டாம். ஷீட்டில் செல்லின் தசமத்தைக் குறைத்தால் டேபிளிலும் அந்தக் கணமே குறையும். சீரிஸுக்கு சீரிஸ் வேறு ஃபார்மட் இருக்கலாம் என்பதால்தான் லட்சத்துக்கு நடுவே சதவீத வரிசையும் சரியாக வருகிறது.

எத்தனை தசம இடம் என்பதைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒரு தசமம் வைத்தால் 2001-இல் ஆண்கள் 314.0, பெண்கள் 310.0, மொத்தம் 624.1. கூட்டினால் 624.0 தானே வரும்! எக்செல் தவறு செய்யவில்லை. அடியில் இருப்பது 314.009-உம் 310.048-உம்; மொத்தம் 624.057. தனித்தனியாக முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம் இது. மற்ற மூன்று ஆண்டுகளிலும் ஒத்துப்போவதால் இந்த ஒன்று சுலபமாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். மேசைக்கு வந்தபிறகு யாராவது கால்குலேட்டரை எடுப்பார்கள். இரண்டு தசமம் வைத்தால் 314.01, 310.05, 624.06, நான்கு ஆண்டுகளும் சரியாகக் கூடும். இடம் போதாமல் ஒரு தசமம்தான் வைக்க முடியும் என்றால், 'முழுமையாக்கியதால் கூட்டுத்தொகையில் சிறு வேறுபாடு இருக்கலாம்' என்று சார்ட்டுக்கு அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

லட்சமாகச் சுருக்காமல் முழு எண்ணே வேண்டும் என்பவர்களுக்கு: விண்டோஸின் ரீஜன் அமைப்பு இந்தியாவாக இருந்தால் சாதாரண காற்புள்ளி ஃபார்மட்டே 3,61,37,975 என்று காட்டும். ஆனால் கோப்பை வேறு அமைப்புள்ள கணினியில் திறந்தால் அது 36,137,975 ஆகிவிடும். எங்கே திறந்தாலும் மாறாதிருக்க, 'கஸ்டம்' ஃபார்மட்டில் இதைப் போடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

இது கழித்தல் எண்களுக்கு உதவாது. நிபந்தனைகள் இரண்டுதான் போட முடியும் என்பதால், லட்சத்தைத் தாண்டிய கழித்தல் எண்கள் மூன்றாவது பகுதிக்குப் போய் மேல்நாட்டு முறையில் பிரிந்து நிற்கும். லாப நஷ்டக் கணக்குக்கு இதைப் போடும்போது கவனம்.

டேபிளில் பூஜ்யங்கள் உறுத்தினால் செல்லுக்கு 0.0;-0.0;; என்று கொடுங்கள், பூஜ்யம் வெறுமையாகத் தெரியும். எண் இல்லாத இடத்தில் கோடு தரையில் விழாமல் இருக்க, #N/A என்ற பிழைக்குறியைத் தரும் என்ஏ ஃபங்ஷன் போடும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படத்தில் அது நல்லபடியாக மறையும், ஆனால் டேபிளில் அந்தப் பிழைக்குறி அப்படியே அச்சாகும். டேபிள் உள்ள சார்ட்டுக்கு அந்த செல்லைக் காலியாகவே விடுவதுதான் சுத்தம். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் (நிபந்தனைப்படி செல்லின் நிறம் தானாக மாறும் வசதியில்) போட்ட நிறங்கள் எதுவும் டேபிளுக்கு வராது.

நூறு சதவீத ஸ்டாக்டு சார்ட் போடுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று: தூண்கள் சதவீதத்தில் இருக்கும், டேபிளில் மூல எண்களே இருக்கும். டேபிளிலும் சதவீதம் வேண்டும் என்றால், ஷீட்டில் சதவீதத்தைக் கணக்கிட்டு, அந்த செல்களைக் கொண்டு சாதாரண ஸ்டாக்டு சார்ட் போட வேண்டும்.

அகலம், எழுத்து, கோடுகள்

டேபிளைக் கிளிக் செய்து கன்ட்ரோல்+1 அழுத்தினால் நான்கு டிக் பெட்டிகள் வரும்: கிடைக்கோடு, நெடுக்கோடு, வெளிக்கோடு, லெஜண்ட் கீ. நான்கையும் அப்படியே விட்டால் படம் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். நெடுக்கோட்டையும் வெளிக்கோட்டையும் எடுத்துவிட்டு, கிடைக்கோட்டை மட்டும் மெல்லிய சாம்பல் நிறத்தில் வைப்பது என் பரிந்துரை. டேபிளில் சரியான எண் இருப்பதால் பின்னணியில் கிரிட்லைனும் தேவையில்லை, தேர்ந்து டெலீட் செய்துவிடலாம். செங்குத்து அச்சு மட்டும் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பார்த்து, ஆக்சிஸ் ஆப்ஷன்ஸில் மினிமம் பெட்டியில் 0 என்று கையால் எழுதிவிடுங்கள்.

நெடுவரிசை அகலம் என்பது படம் வரையும் பகுதியின் அகலத்தைச் சமமாகப் பங்கிட்டது. எண்கள் மடிந்து இரண்டு வரியானால் செய்யக்கூடியவை: சார்ட்டை அகலமாக இழுப்பது, எழுத்தைச் சிறிதாக்குவது, எண்ணையே சுருக்குவது. இடதுபக்கம் வரும் சீரிஸ் பெயரும் அகலத்தைத் தின்னும். 'தமிழ்நாட்டின் ஆண்கள் எண்ணிக்கை (லட்சத்தில்)' என்று தலைப்பு வைத்தால் தூண்கள் வலது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். 'ஆண்கள்' போதும், அலகைச் சார்ட் தலைப்பில் ஒருமுறை சொல்லுங்கள். வளர்ச்சிக்கு அலகு வேறு. அது செல்லின் சதவீதக் குறியிலேயே தெரிந்துவிடும்.

உயரம் எழுத்தின் அளவைப் பொறுத்தது. நான்கு வரிசை சேர்ந்ததும் படம் நசுங்கியிருந்தால் சார்ட்டையே கீழ்நோக்கி இழுத்து நீட்டுங்கள். எழுத்தைக் குறைத்தால், அச்சிட்ட தாளில் 8 பாயிண்டுக்குக் கீழே தமிழ் எழுத்துகளின் கொம்பும் புள்ளியும் கரைந்துபோகும். 9 வைத்தால் நிம்மதி. டேபிள் போட்டதும் கீழ் அச்சின் லேபிள்கள் அதன் தலைப்பு வரிசையாகிவிடுவதால், அவற்றைச் சாய்த்து இடம் பிடிக்கும் உத்தியும் இங்கே செல்லாது. ஆகவே லேபிள்களும் சுருக்கமாக இருக்கட்டும்: 'ஜன', 'பிப்' போல.

டேபிள் முழுவதற்கும் ஒரே எழுத்துருதான். யுனிகோடில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தலைப்புகளை அடித்து வைத்திருந்தால் இரண்டு பக்கமும் இடிக்கும்: டேபிளுக்கு கலிப்ரி வைத்தால் பெயர்கள் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், பாமினி வைத்தால் எண்ணுக்கு நடுவே உள்ள காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகிவிடும், ஏனென்றால் பாமினியில் அந்த இடத்தில் இருக்கும் எழுத்து அதுதான். 3,61,37,975 என்பது 3இ61இ37இ975 என்று நிற்கும். தலைப்புகளை யுனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வரிசையும் அச்சும்

டேபிளில் சீரிஸ்கள் மேலிருந்து கீழாகவும், தூணில் கீழிருந்து மேலாகவும் அடுக்கப்படும். நம் சார்ட்டில் ஆண்கள் டேபிளில் முதல் வரி, தூணில் அடித்தளம். இரண்டு சீரிஸுக்கு இது தெரியாது, ஐந்தாறு இருந்தால் குழப்பும். சார்ட் டிசைனில் 'செலக்ட் டேட்டா' திறந்து அம்புக்குறிகளால் வரிசையை மாற்றலாம், ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் சரியாக வைக்க முடியும். நான் டேபிளுக்கே முன்னுரிமை தருவேன், எண்ணைப் படிக்கத்தானே டேபிள்.

டேபிளுக்காக மட்டும் சேர்க்கும் சீரிஸ், மற்றவற்றைவிட மிகப் பெரிய எண்ணாக இருந்தால் அச்சு எகிறி, தூண்கள் கடுகாகிவிடும். நம் லட்சக் கணக்கோடு முழு மக்கள்தொகை 7,21,47,030-ஐயும் ஒரு வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள், தெரியும். அப்போது அந்தச் சீரிஸை 'செகண்டரி ஆக்சிஸ்' பக்கம் தள்ளுங்கள். வலதுபக்கம் முளைக்கும் அச்சை டெலீட் செய்தால் சீரிஸ் மறுபடி பழைய அச்சுக்கே வந்துவிடும். டெலீட் செய்யாமல், ஃபார்மட் ஆக்சிஸில் லேபிள் பொசிஷனை 'நன்' ஆக்கி, கோட்டையும் 'நோ லைன்' ஆக்குங்கள்.

இதற்கு எதிர்மாறான தேவைக்கு வழியே இல்லை: படத்தில் இருக்கும் ஒரு சீரிஸை டேபிளில் மட்டும் மறைக்க முடியாது. இலக்குக் கோடு, நிறப் பட்டை என்று உதவிச் சீரிஸ்கள் போட்ட சார்ட்டில் அவை எல்லாமே டேபிளிலும் வரிசை கட்டும்.

கீழ் அச்சில் தேதிகள் இருந்தால் எக்செல் அதைத் தேதி அச்சாக்கி, விடுமுறை நாட்களுக்கும் இடம் ஒதுக்கும். ஆக்சிஸ் ஆப்ஷன்ஸில் 'டெக்ஸ்ட் ஆக்சிஸ்' தேர்ந்தால் உள்ள தேதிகள் மட்டும் அடுத்தடுத்து வரும்.

மற்ற செயலிகளில்

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் இந்த வசதி 2023 பிப்ரவரியில் வந்த 7.5 பதிப்பிலிருந்துதான் உண்டு. சார்ட்டை இரட்டைக் கிளிக் செய்து எடிட் நிலைக்குப் போனபிறகு இன்சர்ட் மெனுவில் பாருங்கள். வெளியே இருக்கும் இன்சர்ட் மெனுவில் தேடினால் கிடைக்காது. கோடுகளுக்கும் நிறக் கட்டத்துக்கும் எக்செலில் உள்ள அதே டிக் பெட்டிகள்தான். 7.5-க்கு முந்தைய பதிப்பில் எக்செல் கோப்பைத் திறந்து சேமித்தால் டேபிள் தொலைந்துபோகும். கூகுள் ஷீட்ஸில் 'டேபிள் சார்ட்' என்ற தனி வகை இருக்கிறது. அதைத் தூண் சார்ட்டுக்குக் கீழே ஒட்டி வைத்துச் சமாளிக்கலாம்.

டேட்டா டேபிளை விட்டுவிட வேண்டிய கட்டமும் உண்டு. மொத்தம் வரிசை தடித்த எழுத்தில் வேண்டும், குறைந்த எண்கள் சிவப்பாக வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால் இதை வைத்துப் போராடாதீர்கள். டேபிளை நீக்கி, சார்ட்டை ஷீட்டில் உள்ள அட்டவணைக்கு நேர் மேலே கொண்டுபோய் வையுங்கள். ஆண்டுகள் குறுக்காக ஓடும்படி அட்டவணையைத் திருப்பி, சார்ட்டை ஆல்ட் கீயை அழுத்தியபடி இழுத்தால் அதன் ஓரம் செல் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு படம் வரையும் பகுதியின் இரண்டு பக்கத்தையும் இழுத்து, ஒவ்வொரு தூணும் அதனதன் நெடுவரிசைக்கு மேலே நிற்கும்படி செய்யுங்கள். எல்லா நெடுவரிசையும் ஒரே அகலமாக இருந்தால்தான் இது பொருந்தும். செல் என்பதால் தடிப்பு, நிறம், கண்டிஷனல் ஃபார்மட்டிங் எல்லாம் வேலை செய்யும். வேர்டுக்குக் கொண்டுபோகும்போது சார்ட்டும் செல்களும் சேர்ந்த பகுதியைத் தேர்ந்து, ஹோம் டேபில் காப்பி பட்டனின் அம்புக்குறிக்குள் 'காப்பி ஆஸ் பிக்சர்' எடுத்து ஒட்டுங்கள். அது வெறும் படம், ஆகவே எண் மாறினால் மறுபடி எடுக்க வேண்டும்.